றலியா ராத்தாவின் பகல் தூக்கம்

கடுகண்ணாவை பஸ்ஸில் மடியில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் சும்மா வரமாட்டார். "மீனா?" என்று கேட்பார். முதல் வாரம் முழுக்க நான் உண்மையைத்தான் சொன்னேன். "இல்லீங்க, இதுல ஐஸ், அந்தப் பையில ஈ" என்பேன். கேட்டவர் இடம் மாறி உட்காருவார், இல்லாவிட்டால் கண்டக்டரைக் கூப்பிடுவார். அடுத்த வாரத்திலிருந்து மீன் என்றே சொல்லிவிட்டேன். ஒரு அம்மா விலைகூடக் கேட்டார். வித்து முடிந்தது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். காலையிலேயே களைத்துப்போகிறவளுக்கு விஞ்ஞானம் விளக்கப் பொறுமை ஏது?

கண்டிக்குச் சற்று வெளியே, ஆற்றோரம் ஓர் ஆய்வு நிலையம். அங்கே ஈ அறையில் நானும் றலியா ராத்தாவும் வேலை செய்தோம். ராத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா. ஈ என்றால் வீட்டு ஈ அல்ல, பழ ஈ. அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றிப் பொடிப் பொடியாகப் பறக்குமே, அதுதான். அதைப் போத்தலில் வளர்ப்பது, அதற்குச் சோளமாவும் சீனியும் ஈஸ்ட்டும் போட்டுக் களி கிண்டுவது, ஆண் வேறு பெண் வேறாகப் பிரிப்பது எங்கள் வேலை. நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். என் அம்மா கொழுந்து எடுத்தார், நான் ஈ எடுக்கிறேன். இரண்டிலும் கழுத்து வலிக்கும்.

இதில் கஷ்டமான வேலை, கன்னி ஈ பொறுக்குவது. பெண் ஈ கூட்டை உடைத்து வெளியே வந்த சில மணி நேரத்துக்குள், எந்த ஆணும் அதைச் சேருவதற்கு முன்னால், பிரித்து எடுத்துவிட வேண்டும். போத்தலை ஐஸில் வைத்தால் ஈக்கள் மயங்கி விழும். வெள்ளைத் தட்டில் கொட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்து, மெல்லிய தூரிகையால் தள்ள வேண்டும். வயிறு வெளுத்து உள்ளே ஒரு கறுப்புப் பொட்டுத் தெரிந்தால் அது புதிது. ஓர் ஆண் தப்பி உள்ளே இருந்துவிட்டால் அந்தப் போத்தலே குப்பைக்கு. நான் கொஞ்சம் அவசரக்காரி. என் போத்தல்கள் அடிக்கடி குப்பைக்குப் போகும். ராத்தாவின் போத்தல் ஒன்றுகூடப் போனது கிடையாது.

ஈக்கு ஞாயிறும் இல்லை, பெருநாளும் இல்லை. விடியற்காலையில்தான் அதிகம் வெளியே வரும். அதனால் ராத்தா சுபஹுத் தொழுகைக்கு முன்னால் எழும்பிப் பதினெட்டு வருடமாகக் கடுகண்ணாவையிலிருந்து அந்த பஸ்ஸில் வந்தார். வீட்டில் சமைத்து வைத்துவிட்டு வருவார், போய் மறுபடி சமைப்பார். ஐந்து பிள்ளைகள். இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தாயிற்று, மகன்மார் மூவரும் கட்டாரில். கணவர் றிஸ்வி நானா கணவாய் ரோட்டில் டயர் ஒட்டும் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கோப்பைத் தேத்தண்ணி தானாக ஊற்றிக் குடித்தவரும் அல்ல. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்து கதிரையில் சாய்ந்தவர், எழும்பவில்லை.

ராத்தா இத்தாவில் இருந்தார். கணவன் மௌத்தானால், அதாவது இறந்துபோனால், மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது, பூச்சூடக்கூடாது, கலியாணப் பேச்சு எடுக்கக்கூடாது. பகலில் வேலைக்குப் போய் வரலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்த வீட்டில் அப்படி யாரும் சொல்லவில்லை. அங்கே சட்டம் என்றால் உம்மு குல்சும் சாச்சிதான். ராத்தாவின் உம்மாவுக்குத் தங்கை, எண்பதைத் தொடுகிறவர். மார்க்கம் எல்லாம் விரல் நுனியில். இத்தா முடியும் வரை கூட இருக்க வந்திருந்தார்.

ஆராய்ச்சி கடைசிக் கட்டத்தில் இருந்தது. அதை நடத்திய கலாவதி மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். தலையில் கையை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ராத்தா வர ஏலாட்டி ஈயள் அங்க போகட்டும். நீர் கொண்டு போம் நல்லம்மா. உமக்கு இனி அங்கதான் வேலை."

"பஸ்ஸுலயா மிஸ்?"

"ஓம். வேற வழி இல்லை."

அப்படித்தான் நான் ஈக்காரி ஆனேன். காலையில் போத்தல்களில் இருந்த ஈக்களையெல்லாம் வெளியேற்றிவிட்டு, கூடுகள் மட்டும் ஒட்டியிருக்கும் போத்தல்களைப் பையில் அடுக்கிக்கொண்டு போவேன். பகலில் அவை வெளியே வர வர ராத்தா பொறுக்குவார். பின்னேரம் திருப்பிக் கொண்டுவருவேன். ராத்தாவின் அறை ஜன்னலுக்குக் கீழே ரெயில் பாதை. மேடு ஏறுகிற ரெயில் பெருமூச்சு விட்டுக்கொண்டே போகும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முதல் நாளே சாச்சி வாசலில் மறித்தார்.

"புள்ள, இதுல ஆம்புள ஈயும் ஈக்குதா?"

"இருக்குங்க சாச்சி. ரெண்டும்தான் பொறக்கும்."

"அப்ப ஆம்புளயள வெளிய வெய்யி. இது இத்தா ஊடு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ராத்தா பிரித்துப் போட்ட ஆண் ஈக்களின் போத்தல் விறாந்தையில் இருந்தது. மத்தியானம் வெயில் பட்டால் சாச்சியே அதை நிழலுக்கு நகர்த்தி வைப்பார். ஆண் என்பதற்காகச் சாகவா விடுவது என்பார். எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஆனாலும் பெரிய மனுஷியோடு எதற்கு வாய் கொடுப்பது என்று விட்டுவிட்டேன்.

ஆராய்ச்சி என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். ஆண் ஈ பெண்ணுக்குக் கொடுப்பது விந்தணுவை மட்டும் அல்ல. அதோடு ஒரு திரவமும் போகிறது, அதில் எத்தனையோ புரதங்கள், நொதியங்கள். நொதியத்தைக் கத்தரிக்கோல் என்பார் மிஸ். ஒரு புரதத்தைச் சரியான இடத்தில் வெட்டிவிட்டால்தான் அது வேலையைத் தொடங்கும். அந்த வேலையெல்லாம் நடப்பது பெண்ணின் உடம்புக்குள். விந்தணுவைச் சேமித்து வைக்கச் செய்யும். முட்டை இடு, இடு என்று விரட்டும். வேறு ஆண் கிட்ட வந்தால் உதைத்துத் தள்ள வைக்கும். பசியைக் கூட்டும். கன்னியாக இருந்தபோது மத்தியானத்தில் தூங்கிக்கொண்டிருந்தவள் இனிப் பகலில் தூங்கமாட்டாள். ஆயுளும் கொஞ்சம் குறையும். ஆண் ஈ தன் வேலை முடிந்ததும் பறந்துவிடும். அவன் கொடுத்த திரவம் அவளை விடாது.

எங்களிடம் நீலப் பஞ்சு அடைத்த போத்தல்களில் ஒரு தனி இன ஆண்கள் இருந்தன. அவற்றுக்கு அந்த நொதியங்களில் ஒன்று பிறவியிலேயே கிடையாது. அவையும் சேரும், விந்தணுவும் கொடுக்கும். ஆனால் ஒரு கத்தரிக்கோல் குறைவதால் மற்ற வேலைகள் தொடர்ந்து நடக்காது, ஓரிரு நாளில் விளைவு கலைந்துவிடும். அப்படியானால் அந்தப் பெண்ணுக்குப் பழைய தூக்கம் திரும்பி வருமா? அதைத்தான் மிஸ் பார்க்க விரும்பினார்.

அதற்குச் சோடி சேர்க்க வேண்டும். நேரம் மிச்சம் என்று நினைத்து, நீலப் பஞ்சு ஆண்களையும் ராத்தா வீட்டுக்கே கொண்டுபோனேன். ராத்தா அறையில் இருந்து ஒவ்வொரு சோடியாகக் குழாய்களில் போட்டார். லுஹர் தொழுதுவிட்டு வந்த சாச்சி எட்டிப் பார்த்தார்.

"என்னத்தடி செய்ற?"

"சோடி போடுறன் சாச்சி."

சாச்சி கொஞ்ச நேரம் குழாயை உற்றுப் பார்த்தார். கண் பார்வை இன்னும் நன்றாகத்தான் இருந்தது.

"இத்தா ஊட்டுல நிக்காஹ் நடத்துறியா றலியா? அல்லாஹ்வே!"

நான் குறுக்கே விழுவதற்குள் தட்டோடு தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார். பஞ்சை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நீலப் பஞ்சுப் போத்தலையும் விடவில்லை. பெண்களும் ஆண்களும் ரெயில் பாதைப் பக்கம் பறந்துபோயின. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வந்திருக்கும். ராத்தாவோ தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கணவர் போன பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். "சரி, நிலையத்தில இன்னும் கிடக்குதுதானே. திரும்பத் தொடங்குவம்" என்றார். அவரும் களைத்திருந்தார்.

பிறகு சாச்சியோடு ஓர் ஒப்பந்தம். சோடி சேர்ப்பது நிலையத்தில், என் பொறுப்பு. சேர்ந்து முடிந்த பெண் ஈக்களை மட்டும் தனித் தனிக் குழாயில் கொண்டுவருவேன். ராத்தா அவற்றின் தூக்கத்தைப் பார்ப்பார். "கலியாணம் முடிஞ்ச பொம்புளயள் வந்தா எனக்கு ஒண்டும் இல்ல" என்றார் சாச்சி.

ஈ எப்படித் தூங்கும் என்று கேட்பீர்கள். அசையாமல் நிற்கும், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அசையாவிட்டால் தூக்கம் என்று கணக்கு. ஒரு பக்கம் சாதாரண ஆணைச் சேர்ந்தவை, மறுபக்கம் நீலப் பஞ்சு ஆணைச் சேர்ந்தவை. முதல் நாள் இரண்டு பக்கமும் ஒரே ஓட்டம். களியை நக்குவதும், முட்டை இடுவதும், மேலே ஏறுவதும், மறுபடி முட்டை இடுவதும். பிறகு நீலப் பஞ்சுப் பக்கம் மத்தியானத்தில் மெல்ல மெல்ல அடங்கியது. மறுபக்கம் ஓடிக்கொண்டே இருந்தது.

"பாருங்க நல்லம்மா," என்றார் ராத்தா ஒரு குழாயை வெளிச்சத்தில் பிடித்து. "இவளுக்குத் தூக்கம் திரும்பி வந்தீக்குது."

ராத்தாவுக்கும் வந்திருந்தது. ஒரு நாள் நான் போனபோது லென்ஸைக் கையில் பிடித்தபடியே பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சாச்சி வெட்கப்பட்டவர் போல வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"புருஷன் மௌத்தாகி ஈக்கக்குள்ள பகல்ல தூங்குறா. யாராச்சும் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

அவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் அம்மா சுப்பம்மா பகலில் படுத்து நான் பார்த்ததே கிடையாது. செத்த அன்றுதான் வெயில் நேரத்தில் படுத்திருந்தார். ராத்தா தூங்கட்டும் என்று நானே தட்டை இழுத்துக்கொண்டு பொறுக்கினேன். அன்றைய போத்தல் குப்பைக்குத்தான் போனது.

இதற்கிடையில் ஹலீம் நானா வந்து போய்க்கொண்டிருந்தார். ராத்தாவின் மூத்த சகோதரர், கம்பளையில் ஹாட்வெயார் கடை. வாப்பா இல்லாததால் ராத்தாவுக்கு வலி, அதாவது நிக்காஹ்வில் பெண்ணுக்காகப் பேசிக் கையெழுத்து வைக்கும் பொறுப்பாளர், அவர்தான். இத்தாவில் கலியாணத்தை நேராகப் பேச முடியாது என்று கூரை முகட்டைப் பார்த்துப் பேசுவார்.

"கம்பளையில ஒரு ஊடு, பொம்புள இல்லாம இருண்டு போய் ஈக்குது. நாலு சின்னப் புள்ளயள். அந்த மனுஷன் தங்கமான ஆள். பாவம், மூணு நேரமும் கடச்சாப்பாடு."

முகடு பதில் சொல்லவில்லை. ராத்தாவும் சொல்லவில்லை. ஹலீம் நானா கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தங்கை தனியே கிடக்கக்கூடாது என்ற கவலை உண்மைதான். ஆனால் ஒரு பெண்ணின் கவலையைத் தீர்ப்பதென்றால் அவளுக்கு இன்னும் நாலு பேருடைய சோற்றுப் பானையைக் கொடுப்பது என்று எப்படித்தான் இந்த ஆண்களுக்குத் தோன்றுகிறதோ. கட்டாரில் இருந்த மகன்மாரும் சரி என்றுவிட்டார்களாம். இத்தா முடிகிற அன்றே கேட்டு முடிவு எடுப்பதென்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ராத்தா, நீங்க என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

அவர் தூரிகையைத் துடைத்தார்.

"நான் என்னத்தச் சொல்ல? மொதல் நிக்காஹ்வுலயும் நான் ஒண்டும் சொல்லல்ல. அப்ப எனக்குப் பதினாறு. மருதோண்டி போடுறமெண்டு ராவெல்லாம் உக்கார வெச்சாங்க. காலையில வாப்பாவும் ரெண்டு சாட்சிமாரும் திரைக்கு அங்கால நிண்டு சம்மதமா எண்டு கேட்டாங்களாம். நான் பேசல்லயாம். கன்னிப்புள்ள பேசாட்டி சம்மதம்தானே, எழுதிட்டாங்க."

"வெட்கமா ராத்தா?"

"இல்ல நல்லம்மா. நான் தூங்கிட்டு ஈந்தன்."

சொல்லிவிட்டு அவர் அடுத்த போத்தலை ஐஸில் வைத்தார். நான் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். சுவர் ஓரமாகத் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த சாச்சியின் விரல்களும் நின்றதைக் கண்டேன். பின்னேரம் நான் பையைக் கட்டும்போது சாச்சி பக்கத்தில் வந்து குழாய்களைக் காட்டினார்.

"இந்தப் பொம்புள ஏன் ஓடிட்டே ஈக்கிறா? அந்தப் பக்கத்துல ஈக்கிறவ ஏன் தூங்குறா?"

தெரிந்த மட்டில் சொன்னேன். ஆண் கொடுத்த திரவம் அவள் உடம்பில் இன்னும் வேலை செய்கிறது சாச்சி, அதுதான் ஓடவைக்கிறது. இவளுக்கு அது கலைந்துவிட்டது, அவ்வளவுதான் என்றேன்.

"ஓடுறவ கெதியா மௌத்தாகிருவாளா?"

"கொஞ்சம் சீக்கிரமாத்தான் சாச்சி."

அவர் குழாயை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். எட்டுப் பிள்ளை பெற்றவர் அவர். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

இத்தா முடிந்த அன்று ராத்தா குளித்து, இளநீலச் சேலை உடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. அத்தனை வருடத்தில் கண்ணுக்குக் கீழே கறுப்பு இல்லாமல் அவரைப் பார்த்தது அன்றுதான். நான் போத்தல்களோடு மூலையில் இருந்தேன், எழும்பிப் போகவா என்று சாச்சியைப் பார்த்தேன், இரு என்று கையைக் காட்டினார். ஹலீம் நானா கேக் பெட்டியும் புதுச் சேலையும் கொண்டு வந்தார். இனி முகட்டைப் பார்க்கத் தேவை இல்லை.

"தங்கச்சி, ஒளிச்சுப் பேச ஒண்டும் இல்ல. கம்பளை மனுஷன் காத்துட்டு ஈக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழம சிம்பிளா முடிச்சிரலாம். ஒனக்குச் சம்மதம்தானே?"

ராத்தா தலை குனிந்து இருந்தார். பேசவில்லை. கீழே ரெயில் ஒன்று மேடு ஏறிக்கொண்டிருந்தது. அது போய் முடியும் வரைக்கும் பேசவில்லை. பேசுங்க ராத்தா, வாயைத் திறங்க என்று கத்த வேண்டும் போல் இருந்தது. நான் யார் கத்துவதற்கு?

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ஹலீம் நானா, எழும்பியபடி. "பேசாம ஈக்கிறா. அப்ப நான் போய்..."

"உக்காரு ஹலீம்."

சாச்சி தஸ்பீஹை மடியில் வைத்தார்.

"பேசாம ஈந்தாச் சம்மதமெண்டு எடுக்கிறது கன்னிப்புள்ளக்கி. இவ கன்னியா? அஞ்சு பெத்தவ. புருஷன மௌத்துக்குக் குடுத்து இத்தா ஈந்து எழும்பினவ. இவ வாயால சொல்லணும். சொல்லாட்டி நிக்காஹ் இல்ல. மார்க்கம் அதுதான். நீ கையெழுத்து வெச்சாலும் சரி வராது."

"சாச்சி, அவ வெக்கத்துல..."

"நீ பேசாத. அவ பேசட்டும். றலியா, முழிச்சிட்டு ஈக்கிறியா?"

ராத்தா தலையை உயர்த்தினார். முதலில் சாச்சியைப் பார்த்தார், பிறகு நானாவை.

"முழிச்சிட்டுத்தான் ஈக்கிறன் சாச்சி. எனக்கு வேணாம் நானா. அவர் நல்ல மனுஷனா ஈக்கலாம். என்னால இனி ஏலா. எனக்கு அலுத்துப் போச்சு."

அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. ஹலீம் நானா ஏதோ சொல்ல வாயெடுத்துச் சாச்சியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கேக்கை மட்டும் வைத்துவிட்டுச் சேலைப் பெட்டியோடு படியிறங்கிப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் இல்லாமல் அழுதேன்.

"என்னத்துக்கு அழுறீங்க நல்லம்மா?" என்றார் ராத்தா. "நாளைக்கு நானும் பஸ்ஸுல வாறன். இண்டைக்கி மட்டும் கொஞ்சம் நீங்க பொறுக்குங்க."

பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நடுப்பகல், வெயில் அறை முழுக்க அடித்தது. கீழே அடுத்த ரெயிலின் சத்தம் கேட்கத் தொடங்கியதும் சாச்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினார். என் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். நான் மூக்கைக்கூட உறிஞ்சாமல் ஈக்களைப் பொறுக்கினேன்.